பென்டிரைவ் செருகினால் மட்டும் மின்ட் வருகிறது, எடுத்தால் "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்"

கேள்வி:
பழைய லேப்டாப்: கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், 250 ஜிபி ஹார்டு டிஸ்க். கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் பழைய பயாஸ் மட்டும்தான், அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ கிடையாது. ரூஃபஸ் என்ற மென்பொருளில் 16 ஜிபி பூட் பென்டிரைவ் தயார் செய்து லினக்ஸ் மின்ட் 22 (எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்) ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டேன். இன்ஸ்டாலரில் பார்டிஷன்களை நாமே பிரிக்கும் "சம்திங் எல்ஸ்" எடுத்து ரூட்டுக்கு (சிஸ்டம் கோப்புகள்) 40 ஜிபி, மீதி ஹோமுக்கு (என் கோப்புகள்). பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. பென்டிரைவை எடுத்தால் பூட் ஆகவில்லை, செருகினால் ஆகிறது. முதலிலிருந்து போட வேண்டுமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. செருகினால் வருவது லைவ் மின்டா (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுவது), டிஸ்கில் போட்டதா? டெஸ்க்டாப்பில் "இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்" ஐகான் இருந்தால் அது லைவ்.

கேட்டவர்:
ஐகான் இல்லை. நான் வைத்த பாஸ்வேர்டைக் கேட்கிறது. பழைய இன்ஸ்டாலர் மெனுவே இப்போது வருவதில்லை.

பதில் 1:
அப்போ விடை கிடைச்சாச்சு. மின்ட் டிஸ்கில்தான் இருக்கு. மின்டைத் தொடங்கிவைக்கும் க்ரப் என்ற பூட்லோடர் மட்டும் பென்டிரைவின் எம்பிஆரில் (அதன் முதல் செக்டரில்) ஏறிவிட்டது. இன்ஸ்டாலர் மெனு காணாமல் போனதும் அதனால்தான். யூஎஸ்பியிலிருந்து பூட் செய்யும்போது சில பயாஸ்களில், லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் பெயர் வரிசையில் பென்டிரைவ் எஸ்டிஏ ஆகி, உள்ளே இருக்கும் டிஸ்க் எஸ்டிபி ஆகிவிடும். "சம்திங் எல்ஸ்" திரையின் அடியில் பூட்லோடர் எங்கே போகணும் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அது பெரும்பாலும் எஸ்டிஏ என்றே நிற்கும். பலரும் அதைக் கவனிக்காமல் அடுத்த திரைக்குப் போய்விடுவாங்க.

மறுபடி போடவே வேண்டாம். பென்டிரைவ் செருகி மின்டுக்குள் வந்து, டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (டிஸ்குகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுங்க. பெயரை நம்பாதீங்க, அளவைப் பாருங்க: 232.9ஜி என்று காட்டுவதுதான் உங்கள் டிஸ்க். அது எஸ்டிபி என்றால்:

சூடோ க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிபி

கடைசியில் எண் சேர்க்கக் கூடாது. எஸ்டிபி1 என்பது ஒரு பார்டிஷன். நமக்கு வேண்டியது முழு டிஸ்க்.

கேட்டவர்:
எஸ்டிபிதான். ஆனால் ஜிபிடியில் (டிஸ்கின் பார்டிஷன் அட்டவணை வகை) பயாஸ் பூட் பார்டிஷன் இல்லை என்று எச்சரித்துவிட்டு, "வில் நாட் ப்ரொசீட் வித் பிளாக்லிஸ்ட்ஸ்" என்று நின்றுவிட்டது. எச்சரிக்கையை மீறிப் போடச் சொல்லும் ஃபோர்ஸ் ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில் 2:
கூடாது. அப்படிப் போட்டால் க்ரப் தன் கோப்பு டிஸ்கில் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளும். பின்னால் அந்தக் கோப்பு இடம் மாறினால் பூட் போய்விடும்.

பழைய எம்பிஆர் முறையில் பார்டிஷன் பிரித்த டிஸ்கில் முதல் பார்டிஷனுக்கு முன்னால் உள்ள காலி இடத்தில் க்ரப்பின் மையப்பகுதி உட்காரும். ஜிபிடியில் அதற்கென்று தனிப் பார்டிஷன் வேண்டும். 1 எம்பி போதும், ஃபார்மட் தேவையில்லை. "எரேஸ் டிஸ்க்" எடுத்திருந்தால் இன்ஸ்டாலரே அதை உருவாக்கியிருக்கும்.

ரூட்டைச் சுருக்க வேண்டியதில்லை. முதல் பார்டிஷன் வழக்கமாக 2048ஆம் செக்டரில் தொடங்கும். 34 முதல் 2047 வரை சும்மாதான் கிடக்கிறது. முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு, பார்டிஷன்களைத் திருத்தும் ஜிடிஸ்கைத் திறங்கள் (இல்லையென்றால் ஆப்ட் மூலம் நிறுவிக்கொள்ளலாம்):

சூடோ ஜிடிஸ்க் /டெவ்/எஸ்டிபி

முதலில் பி கொடுத்து, முதல் பார்டிஷன் 2048இல்தான் தொடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு எக்ஸ், எல், மதிப்பு 1, எம். இது அலைன்மென்ட்டை (பார்டிஷன் எந்த செக்டரில் தொடங்கலாம் என்ற கட்டுப்பாட்டை) தளர்த்துவதற்கு. செய்யாவிட்டால் 34ஐ ஏற்காமல் வேறு செக்டருக்கு நகர்த்திவிடும். அடுத்து என், பார்டிஷன் எண்ணுக்கு என்டர், தொடக்கம் 34, முடிவு 2047, வகை இஎஃப்02 (பயாஸ் பூட் பார்டிஷனின் குறியீடு). மறுபடி பி கொடுத்துச் சரிபார்த்து, டபிள்யூ. பென்டிரைவோடு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, எல்எஸ்பிஎல்கேயில் பெயரைத் திரும்பப் பார்த்துவிட்டு, அதே க்ரப்-இன்ஸ்டால்.

கேட்டவர்:
"நோ எர்ரர் ரிப்போர்ட்டட்" வந்தது. பென்டிரைவை எடுத்துவிட்டு ஆன் செய்தேன், நேராக மின்ட்! இருவருக்கும் மிக்க நன்றி.

பதில் 1:
மகிழ்ச்சி. இன்னும் ஒரு வேலை பாக்கி: சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் க்ரப்-பிசி. கேட்பதற்கெல்லாம் என்டர் தட்டிக்கொண்டே வாங்க. டிஸ்க் பட்டியல் வந்ததும் நிறுத்தி, ஸ்பேஸ் பாரால் உள் டிஸ்கை மட்டும் டிக் செய்யுங்க. இல்லையென்றால் அடுத்த க்ரப் அப்டேட் அந்தப் பென்டிரைவைத் தேடி நிற்கும். பென்டிரைவையும் ரூஃபஸில் திரும்ப எழுதி வைங்க, லைவ் ஒன்று கையில் இருக்கணும்.

பதில் 2:
மின்டுக்கு 2 ஜிபி ரேம் என்பது குறைந்தபட்ச அளவு. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடத்துக்கு) போய் ஹார்டு டிஸ்க் உறுமும். 4 ஜிபி ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். வாங்கும் முன் சூடோ டிஎம்ஐடிகோட் -டி மெமரி கொடுத்து ரேம் வகை டிடிஆர்2வா டிடிஆர்3யா என்று பாருங்கள். ரேம் அட்டையின் விளிம்பில் உள்ள வெட்டு இரண்டுக்கும் வேறு இடத்தில் இருக்கும். மாற்றி வாங்கினால் ஸ்லாட்டில் இறங்காது.