கியோட்டோ தாவரவியல் பூங்கா: அரை நாள் போதுமா?

கேள்வி: ஏப்ரல் முதல் வாரம் கியோட்டோவில் இருப்போம். மதியம் 2 மணிக்குப் போனால் கண்ணாடி வீட்டையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? அம்மாவால் அதிகம் நடக்க முடியாது.

பதில் 1: முடியும், ஆனால் வரிசையை மாற்றுங்க. பூங்கா 5 மணி வரை. கண்ணாடி வீடு 4 மணிக்கே மூடும், 3:30க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அதனால் முதலில் அங்கே போங்க. கியோட்டோ நிலையத்திலிருந்து கராசுமா சுரங்க ரயிலில் கிதாயாமா. 3ஆம் வாசலில் ஏறினால் பூங்கா வாயில் பக்கத்திலேயே. கிதாஓஜியில் இறங்கினால் சுமார் 10 நிமிட நடை.

பதில் 2: 24 ஹெக்டேர், அம்மாவுக்கு முழுச் சுற்று வேண்டாம். கண்ணாடி வீடு, செர்ரி மரங்கள், பூங்காவுக்குள் இருக்கும் நகராகி காடு போதும். காடு இயற்கையானது, நட்டு வளர்த்ததல்ல. குளிரிலிருந்து வெதுவெதுப்பான கண்ணாடி வீட்டுக்குள் போனால் லென்ஸில் ஆவி படியும். கேமராவைப் பத்து நிமிடம் பைக்குள்ளேயே வையுங்க.

பதில் 3: சோமேய் யோஷினோ (ஜப்பானில் அதிகம் காணப்படும் செர்ரி வகை) உதிர்ந்திருந்தாலும் கவலையில்லை. பூங்காவுக்கு மேற்கே காமோ ஆற்றங்கரையில் தொங்கு செர்ரிகள் சற்றுத் தாமதமாகத்தான் பூக்கும். அங்கே டிக்கெட்டும் கிடையாது.