ஸ்பெயின்ல கரண்ட் போன அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?

கோவில்பட்டிக்காரன், மாட்ரிட்:
2025 ஏப்ரல் 28, மத்தியானம் 12:33. கிட்டத்தட்ட நாடு முழுக்க கரண்ட் போச்சு, எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நான் லாவாப்பியெஸ்ல வீட்ல இருந்தேன். படிக்கட்டுல யாரோ "சே ஆ இதோ லா லூஸ்"னு கத்தினாங்க. அவங்க ஊர்லயும் வெளிச்சம் "போயிரும்", நம்மளை மாதிரியே. 2012-ல பாதி நாள் கரண்ட் இல்லாம செமஸ்டருக்குப் படிச்சவன் நான், அசரலை.

எங்க மூணாவது மாடிப் பாட்டிகிட்ட மட்டும் பேட்டரி ரேடியோ இருந்துச்சு. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க, சுத்தி இருபது பேர். சாயங்காலம் பிரதமர் சான்செஸ் பேசினார்: காரணம் இன்னும் தெரியலை, யாரும் ஊகிக்க வேண்டாம். "இது தெரியத்தான் பேட்டரியை வீணாக்கினேனா"ன்னு பாட்டி ரேடியோவை அணைச்சிட்டாங்க.

ராத்திரி கரண்ட் வந்ததும் தெருவே பால்கனியில நின்னு கைதட்டுச்சு. நானும் தட்டினேன். பாட்டி மட்டும் கையைக் கட்டிக்கிட்டு, "2020-ல எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஆளுங்களுக்குத் தட்டினோம். இப்ப யாருக்குத் தட்டுறீங்க?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. இன்னும் பதில் வரலை எனக்கு.

மீசை_பார்சிலோனா:
என் பையில 2 யூரோ 40 சென்ட். கார்டு மெஷின் செத்துப்போச்சு. தெருமுனை பார்ல, சூடாகறதுக்குள்ள பியரைத் தீர்க்கணும்னு ஊரே உக்காந்திருக்கு. நான் தோர்த்திய்யா, அதாவது உருளைக்கிழங்கு ஆம்லெட் வச்ச ரொட்டி ஒண்ணு மட்டும் வாங்கினேன். "நாளைக்குக் குடு"ன்னு ஓனர் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டார்.

மறுநாள் போனா பேப்பர்ல "மீசை இல்லாத இந்தியன், பியர் 4". எனக்கு மீசை இருக்கு, நான் குடிக்கவே மாட்டேன். சொன்னேன். என் மூஞ்சியை நல்லா உத்துப் பார்த்துட்டு, "நேத்து இருட்டு"ன்னார். மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல என்னய்யா இருட்டு! நாலு பியருக்கும் காசு குடுத்துட்டு வந்தேன். அந்த மீசை இல்லாத ஆள் இதைப் படிச்சா தயவுசெஞ்சு தொடர்புகொள்ளவும்.

வலென்சியா அக்கா:
பியர், கைதட்டல், ஜாலி. எல்லாரும் இதையே எழுதுறீங்க. தம்பி கோவில்பட்டி, அந்தப் பாட்டி கேட்டதுதான் சரி. நான் பைபோர்த்தா பக்கம். 2024 அக்டோபர் 29, வெள்ளம் வந்த அன்னைக்கு எங்க ஃபோன் எல்லாம் ஒரே நேரத்துல அலறுச்சு, எச்சரிக்கை. மணி ராத்திரி 8:11. அப்போ கீழ்ப்படி நாலு தண்ணிக்குள்ள. எதிர்வீட்டுக்காரர் ஃபோனைத் தூக்கிப் பார்த்துட்டு "ஆ புவேனாஸ் ஓராஸ்!"ன்னார். நல்ல நேரத்துக்கு வந்தீங்கன்னு அர்த்தம், சிரிக்காம சொல்ற வார்த்தை. 220 பேருக்கு மேல செத்தாங்க. கரண்ட் போன அன்னைக்கு மாட்ரிட்ல இருந்தவங்களுக்கு அது பிக்னிக். எங்க தெருவுல கார் எல்லாத்தையும் மேட்டுக்கு ஏத்திட்டுத்தான் மறுவேலை பார்த்தாங்க.

மீசை_பார்சிலோனா:
அக்கா, பிக்னிக்னு நான் சொல்லலையே. 2 யூரோ 40 சென்ட்னு சொன்னேன்.

செவில்யா சீனியர்:
நான் லிஃப்ட்ல 40 நிமிஷம் மாட்டினேன், அவ்வளவுதான். முக்கியமானதுக்கு வர்றேன். கரண்ட் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான், மார்ச் 26-ல, 72 மணி நேரத்துக்குத் தண்ணி, சாப்பாடு எடுத்து வைங்கன்னு ஐரோப்பிய ஆணையம் சொல்லுச்சு. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சோம். இனி சிரிக்காதீங்க. 5, 10 யூரோ நோட்டா வீட்ல வைங்க, 50-க்குச் சில்லறை எவனும் தரமாட்டான். மேல்மாடி வீடுன்னா மோட்டார் நின்னா தண்ணி ஏறாது, கேன்ல பிடிச்சு வைங்க. இங்க பாதி வீட்ல கரண்ட் அடுப்புதான், அதனால சின்ன கேஸ் அடுப்பு ஒண்ணு வாங்குங்க, ஜன்னலைத் திறந்து வச்சு சமைங்க. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள ஓட்டவே ஓட்டாதீங்க, அன்னைக்கு கலீசியாவுல ஒரே குடும்பத்துல 3 பேர் புகையில போயிட்டாங்க. ஜன்னல் ஷட்டர் மோட்டார்ல ஓடுதான்னும் பாருங்க. ரேடியோவைச் சீனாக்காரங்க கடையில இப்பவே வாங்குங்க, அன்னைக்கு மத்தியானமே தீர்ந்துபோச்சு. பேட்டரி தனியா...

கோவில்பட்டிக்காரன், மாட்ரிட்:
அண்ணே, நான் கேட்டது அந்தக் கைதட்டலைப் பத்தி. இருந்தாலும் பேட்டரி வாங்கிட்டேன், பாட்டிக்கும் சேர்த்து. போன வாரம் ராத்திரி ரெண்டு நிமிஷம் கரண்ட் போச்சு. நான் டார்ச் தேடுறதுக்குள்ள மேல்மாடியில ரேடியோ பேச ஆரம்பிச்சிருச்சு.