சோடியம் பரவொட்சைட்டும் நீரும்: விளைவு ஒட்சிசனா, ஐதரசன் பரவொட்சைட்டா?

ஹட்டன் மாணவி:
வணக்கம். உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கிறேன். சோடியம் பரவொட்சைட்டு நீருடன் தாக்கமுற்றுச் சோடியமைதரொட்சைட்டையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் தரும் என்று வகுப்புக் குறிப்பில் உள்ளது. பயிற்சிப் புத்தகமொன்றிலோ ஐதரசன் பரவொட்சைட்டுக்குப் பதிலாக ஒட்சிசன் வாயு காட்டப்பட்டுள்ளது. எதை எழுதுவது?

பண்டாரவளை ஆசிரியர்:
மகள், இரண்டும் சரி. வினாவில் தரப்பட்ட வெப்பநிலையைப் பார்த்தே விடையைத் தீர்மானிக்க வேண்டும். பரவொட்சைட்டு அயனில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றினதும் ஒட்சியேற்ற எண் −1. வன்மையான மூலமாகிய இந்த அயன் நீரிலிருந்து புரோத்தன்களை ஏற்று ஐதரசன் பரவொட்சைட்டாகிறது. பனிக்கட்டியிட்ட நீரில் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் தாக்கம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே நிற்கும். ஆயினும் இது கடுமையான புறவெப்பத்தாக்கம் என்பதால், சாதாரண நீரில் வெளிவிடப்படும் வெப்பமும் கரைசலின் காரத்தன்மையும் சேர்ந்து ஐதரசன் பரவொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிகையடையச் செய்கின்றன. −1 இலிருந்த ஒட்சிசன் ஒரு பகுதி 0 இற்கும் மறுபகுதி −2 இற்கும் செல்வதால் இது இருவழிவிகாரத் தாக்கம். மொத்தத்தில் 2 மூல் சோடியம் பரவொட்சைட்டு 2 மூல் நீருடன் சேர்ந்து 4 மூல் சோடியமைதரொட்சைட்டையும் 1 மூல் ஒட்சிசனையும் தரும். மார்கழியில் நுவரெலியாக் குழாய்நீர் கையை விறைக்க வைத்தாலும் பனிக்கட்டி நீருக்கு ஈடாகாது. தூள் விழும் இடத்தில் அது உடனே சூடேறிவிடும்.

பதுளை ஆய்வுகூட உதவியாளர்:
இதைக் கண்ணாலேயே காணலாம். குளிர்ந்த கரைசலில் காரத்தைக் காட்டும் காட்டியான பினோத்தலீனில் ஒரு துளி இட்டால் முதலில் இளஞ்சிவப்புத் தோன்றிப் பின்னர் மறையும். ஐதரசன் பரவொட்சைட்டு சாயத்தை வெளிற்றுவது இதற்கு முக்கிய காரணம். அதே கரைசலில் சிறிதளவு மங்கனீசீரொட்சைட்டைச் சேர்த்தால் நுரைத்தெழும் ஒட்சிசன் வாயு தணற்குச்சியை மீண்டும் எரியச் செய்யும். ஆசிரியர் அருகில் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. ஈரம் பட்ட தூள் கடதாசியையும் பஞ்சையும் தீப்பற்ற வைக்கும். போத்தலையும் இறுக மூட வேண்டும், நம் பக்கத்து மழைக்காலக் காற்றின் ஈரமே அதைப் பழுதாக்கப் போதுமானது.

ஹட்டன் மாணவி:
மிக்க நன்றி ஐயா. பேரியம் பரவொட்சைட்டும் இப்படித்தானா?

பண்டாரவளை ஆசிரியர்:
அது நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் மெதுவாகத் தாக்கமுறும். ஐதான சல்பூரிக்கமிலத்துடன் வெண்ணிறப் பேரியம் சல்பேற்று வீழ்படிவாக, ஐதரசன் பரவொட்சைட்டு கரைசலில் எஞ்சும். 1818இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் தெனார் ஐதரசன் பரவொட்சைட்டை முதன்முதலில் பெற்றதும் பேரியம் பரவொட்சைட்டை அமிலத்துடன் தாக்கமுறச் செய்தே. பொற்றாசியம் சுப்பரொட்சைட்டை மட்டும் இவற்றுடன் சேர்த்துவிட வேண்டாம். அது குளிர்ந்த நீரிலும் ஐதரசன் பரவொட்சைட்டோடு ஒட்சிசனையும் வெளிவிடும்.