வெள்ளைப்படுதல்: புதுப்பிப்பு

தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுகிறது, ஒரே அரிப்பு, அத்தை உடம்புச் சூடு என்கிறார் என்று எழுதியிருந்தேனே. பத்து நாள் வெந்தயத் தண்ணீர் குடித்தும் கேட்கவில்லை. திங்களன்று காரிமங்கலத்தில் பஸ் ஏறி, தருமபுரியில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். சூடும் இல்லை, ஒன்றும் இல்லை, பூஞ்சைத் தொற்றாம். இரவில் பிறப்புறுப்புக்குள் வைக்க க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மாத்திரை, ஆறு நாளைக்கு. சோப்பு போட்டு உள்ளே கழுவியதற்குத் திட்டு வேறு! சர்க்கரை இருந்தாலும் இப்படி அடிக்கடி வருமாம், அதனால் சோதனைக்கு ரத்தமும் கொடுத்தேன். மூன்று இரவு ஆனது, அரிப்பு பாதி போச்சு.

மீன் வாடை, சாம்பல் நிறம் என்று கேட்ட தங்கைக்கு: அது பெரும்பாலும் பாக்டீரியா. என் மாத்திரை உனக்கு ஆகாது, காட்டிவிட்டு வா. அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே போ.