கரண்ட் வந்ததும் எல்சிடியில் கறுப்புக் கட்டம்: 30 ஹெக்ஸ் மூன்று தடவை அவசியமா?

டர்பன்_தம்பி
சாட்ஸ்வொர்த் வீட்டில் கீசருக்கு நானே டைமர் செய்து மாட்டியிருக்கிறேன். 8051 மைக்ரோகன்ட்ரோலர், 16 எழுத்து 2 வரி எல்சிடி, புரோகிராம் முழுக்க அசெம்பிளி. நேற்று லோட் ஷெடிங் (மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்ததும் முதல் வரி முழுக்கக் கறுப்புக் கட்டம். ‘எல்சிடியைத் தொடங்கும்போது 30 ஹெக்ஸை மூன்று தடவை அனுப்பினாயா’ என்கிறார் நண்பர். எல்சிடிக்குள் இருக்கும் எச்டி44780 சிப் கரண்ட் வந்ததும் தானாகவே ரீசெட் ஆகும் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. மூன்று முறை கூப்பிட அதற்கென்ன காது மந்தமா? மேஜையில் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது.

ஃபீனிக்ஸ்_சால்டர்
மேஜையில் ஓடும் தம்பி, எல்லாமே மேஜையில் ஓடும். அந்த ரீசெட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: சப்ளை 0.1 முதல் 10 மில்லிசெகண்டுக்குள் ஏறி முடிய வேண்டும். கரண்ட் வரும் நேரத்தில் தெரு முழுக்க ஃப்ரிட்ஜும் கீசரும் ஒன்றாக இழுக்கின்றன. விளக்கு இரண்டு தடவை மங்கி அப்புறம்தான் நிற்கிறது. அந்த மங்கலில் 8051 ரீசெட் ஆகிவிடும், எல்சிடி ஆகாமல் பழைய 4 பிட் முறையிலேயே (ஒரு பைட்டை இரண்டு பாதியாக வாங்கும் முறை) உட்கார்ந்திருக்கும்.

டர்பன்_தம்பி
சரி, இருக்கட்டும். ஒரு தடவை 30 அனுப்பினால் போதாதா? மூன்று என்பது யாரோ எழுதியதை எல்லோரும் காப்பி அடிப்பது.

ஃபீனிக்ஸ்_சால்டர்
உங்கள் புரோகிராமையே எடுங்கள். முதலில் ஒற்றை நிபிளாக (அரை பைட்டாக) 2, அப்புறம் 28, 0சி, 01. ஏற்கெனவே 4 பிட்டில் இருக்கும் எல்சிடி இதை 22, 80, சி0 என்று வாங்கும். ஒரு நிபிள் தள்ளிப்போனதால் 01, அதாவது ‘அழி’ என்ற கட்டளை போய்ச் சேரவே சேராது.
இப்போது மூன்று தடவை 3 (30-இன் மேல் நிபிள்) அனுப்புங்கள். எல்சிடி பாதிக் கட்டளையில் நின்றிருந்தால் முதல் 3 அந்தக் குப்பையோடு ஒட்டிக்கொண்டு போகும். அடுத்த இரண்டும் சேர்ந்து 33, அதாவது ‘8 பிட்டுக்கு மாறு’ என்ற கட்டளை. பாதியில் நிற்காமல் 4 பிட்டில் இருந்தால் முதல் இரண்டிலேயே 33 ஆகிவிடும். ஏற்கெனவே 8 பிட் என்றால் மூன்றுமே வீண், கேடில்லை. எந்த நிலையில் இருந்தாலும் 8 பிட்டில் வந்து நிற்கும். அங்கிருந்து 2 அனுப்பினால் 4 பிட். இரண்டு தடவை போதாது, எழுதிப் பாருங்கள்.

மாரிட்ஸ்பர்க்_ராத்திரி
முதல் 3-க்கு அப்புறம் 4.1 மில்லிசெகண்ட் காத்திருக்கச் சொல்கிறது டேட்டாஷீட், எதற்கு? எல்சிடி வேலையாக இருக்கிறதா என்று காட்டும் பிஸி ஃப்ளாக்கைப் பார்த்தால் நேரம் மிச்சமாகுமே.

ஃபீனிக்ஸ்_சால்டர்
அந்த மூன்றும் முடியும்வரை பிஸி ஃப்ளாக்கைப் பார்க்க முடியாது. குப்பையில் மேல் நிபிள் 0 என்றால் 03 ஆகும், அது ‘ஹோம்’ (கர்சர் முதலிடத்துக்கு), 1.52 மில்லிசெகண்ட் பிடிக்கும். 12 மெகாஹெர்ட்ஸில் டிஜேஎன்இஸட் (ஒன்றைக் குறைத்து, பூஜ்யம் ஆகும்வரை சுற்றும் 8051 கட்டளை) 2 மைக்ரோசெகண்ட். ஆர்7 ரெஜிஸ்டரில் 250, ஆர்6-ல் 10 வைத்து இரட்டைச் சுற்று சுற்றினால் 5 மில்லிசெகண்ட் வந்துவிடும். இரண்டாவது 3-க்கு அப்புறம் 100 மைக்ரோசெகண்ட் தாண்டினால் சரி.

டர்பன்_தம்பி
அடாப்டரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன். பழைய புரோகிராம் பன்னிரண்டில் நான்கு தடவை மக்கர். மூன்று 3 போட்டதும் ஒன்றுகூட இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்டபிள்யூ பின்னைக் கிரவுண்டில் கட்டி, பிஸி ஃப்ளாக்கைப் படிக்கவே முடியாமல் செய்துவிட்டு எல்லாவற்றுக்கும் டிலே போடுவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாரிட்ஸ்பர்க்_ராத்திரி
கீசர் டைமருக்கு என்ன அவசரம், அண்ணா?