வெள்ளைச் சீலைன்னு முடிவு கட்டாதீங்க: பழைய வீட்டுப் படங்கள்

ஆசாரத்துல மாட்டியிருக்கிற பாட்டன் காலத்துப் படங்களில் முதலில் ஏமாற்றுவது நிறந்தாங்க. பிலிமுக்குப் பதிலாக அன்று கேமராவில் போட்ட கண்ணாடி பிளேட் நீலத்தை வாங்கும். சிவப்பும் மஞ்சளும் அதில் ஏறாது. அரக்குக் கூறைச்சேலை கறுப்பாக விழும், குங்குமம் கரும்பொட்டாகும், மஞ்சள் பூசிய முகம் கூடுதலாகக் கறுக்கும். வெளிர்நீலச் சீலையோ வெள்ளையாகிவிடும். அதைப் பார்த்து ‘இந்த அம்மிச்சி அப்பவே புருசனை இழந்தவங்க’ என்று குடும்ப வரலாறே எழுதிவிடுகிறார்கள். சீலையை விடுங்க; பூதக்கண்ணாடி வைத்துக் கழுத்தில் தாலிக்கொடியையும் கையில் வளையலையும் தேடுங்க. எல்லா நிறத்தையும் வாங்கும் பிளேட் 1906-ல்தான் விற்பனைக்கு வந்தது. பழையது சிவப்பு விளக்கிலேயே கழுவ வசதி என்பதால் அதற்கப்புறமும் ஓடியது.

*

தரையையும் பாருங்க. ‘வீட்டுக்குள்ள எடுத்தது’ என்பது பெரும்பாலும் வாசலில் எடுத்ததாக இருக்கும். உள்ளே வெளிச்சம் பத்தாது. பல விநாடி அசையாமல் நிற்கணும், குழந்தை தலையை ஆட்டினால் போச்சு. மக்னீசியம் கலந்த வெளிச்சப்பொடி 1887-லேயே வந்துவிட்டது, ஆனால் ஓலைக்கூரைக்கு அடியில் அதை யார் பற்றவைப்பது? அதனால் நாற்காலி, டீப்பாய், பூச்சாடி எல்லாம் வெளியே வந்தன. பின்னால் ஒரு துணி, கீழே ஒரு ஜமுக்காளம். பட்டைக்கோடு முடிகிற இடத்தில் மண்ணோ கல்லோ எட்டிப்பார்க்கும். சட்டத்தின் விளிம்பு அதை மறைத்திருக்கலாம்.

ஒரே நாற்காலி இரண்டு குடும்பத்துப் படத்தில் வந்தால் அது படம் எடுத்தவருடையது. கையில் விரித்த புத்தகமும் அப்படித்தான், படிப்புக்குச் சாட்சியல்ல. ஐரோப்பிய ஸ்டுடியோ வழக்கம். மேலே கோட்டும் தலைப்பாகையும், கீழே வேட்டியும் வெறுங்காலும்: சீமை வழக்கம் இடுப்போடு நின்றுவிட்டது!

*

சட்டத்தைப் பிரிக்கப் போறவங்களுக்கு: படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீங்க. ஈரத்தில், படத்தாளின் மேல் பூசிய ஜெலட்டின் என்ற பசை இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போகும். அப்படியே நகலெடுங்க. இரு பக்கமும் 45 டிகிரியில் ஒவ்வொரு விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி.

கருமையான ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு இருந்தால் ஜெலட்டின் படம். மெல்லிய தாளை அட்டையில் ஒட்டி, வெள்ளைப் பகுதி மஞ்சளேறிக் கிடந்தால் முட்டை வெண்கரு பூசிய தாளாக இருக்கலாம். 1890-கள் வரை அதுதான் அதிகம். முதுகுப் பலகையை மட்டும் உடனே எடுத்துவிடுங்க. மரத்தின் அமிலம் ஏறி, பலகையின் கணு அப்படியே படத்தில் பழுப்பாக விழும். அட்டைக்குப் பின்னால் பேர் எழுத மென்மையான பென்சில் போதும், பேனா வேண்டாம்.