65 இன்ச் 4கே டிவியில் படம் மங்கல்: திருப்பிக் கொடுத்து 8கே வாங்கலாமா?

மாடிவீடு:
வணக்கம். வீட்டிலிருந்த 43 இன்ச் ஃபுல் எச்டி டிவியை எடுத்துவிட்டு 65 இன்ச் 4கே டிவி வைத்திருக்கிறோம். பெட்டி பெரிதாகியிருக்கிறதே தவிர, படம் கூடுதல் துல்லியமாக இருப்பதாகத் தெரியவில்லை. சேனல் பார்க்கப் பழைய டிவியே தேவலை என்று வீட்டில் எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

செட் டாப் பாக்ஸில் வரும் சாதாரண சேனல்களில் முகங்கள் மெழுகு பூசியது போல இருக்கின்றன. ஸ்ட்ரீமிங் பெட்டியில் 4கே படம் என்று போட்டிருப்பதைத் திறந்தாலும் ‘எச்டி’ என்றுதான் காட்டுகிறது, ‘அல்ட்ரா எச்டி’ வருவதே இல்லை. லேப்டாப்பை மாட்டினால் 4கே வருகிறது, ஆனால் மவுஸ் அம்பு விட்டு விட்டு நகர்கிறது.

செட் டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் பெட்டி இரண்டும் 2012ல் வாங்கிய ஏவி ரிசீவர் (படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) வழியாக டிவிக்குப் போகின்றன. லேப்டாப் மட்டும் நேரடி. இணைய வேகம் 100 மெகாபிட், அதில் குறையில்லை. சோபாவிலிருந்து டிவி சுமார் எட்டடி.

மாற்றிக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது. “4கே எப்போதோ பழசாகிவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் எல்லாமே 8கே, இப்போதே அதை வாங்கிப் போடு” என்கிறார் மச்சான். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறதா?

கம்பிவடம்:
டிவியைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் குற்றவாளி ரிசீவர் என்றே தோன்றுகிறது.

4கே படத்தை நொடிக்கு 60 பிரேம் வீதம் முழுசாக அனுப்ப எச்டிஎம்ஐ (கருவிகளை டிவியோடு இணைக்கும் கேபிள் முறை) 2.0 வேண்டும். அந்தத் தரம் வெளிவந்ததே 2013 செப்டம்பரில். உங்கள் ரிசீவர் அதற்கு முந்தையது, எச்டிஎம்ஐ 1.4 ஆகத்தான் இருக்கும். 1.4க்கு நொடிக்கு 10.2 கிகாபிட், 2.0க்கு 18. ஆனால் வேகத்தைவிடப் பெரிய முட்டுக்கட்டை எச்டிசிபி என்கிற நகல் தடுப்புப் பூட்டு. ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் 4கே படத்தை எச்டிசிபி 2.2 இருந்தால்தான் வெளியே விடும். ஸ்ட்ரீமிங் பெட்டி, ரிசீவர், டிவி என்று வழியில் இருக்கும் எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும். நடுவில் ஒன்று இல்லை என்றாலும் பெட்டி சத்தமில்லாமல் 1080க்கு, அதாவது ஃபுல் எச்டிக்கு, இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் எரிச்சல்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்ட்ரீமிங் பெட்டியை ரிசீவரிலிருந்து கழற்றி நேராக டிவியில் மாட்டுங்கள். அப்புறம் டிவி ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தி, உள்ளே வரும் சிக்னல் என்ன என்று பாருங்கள். 3840 × 2160 (4கேயின் பிக்சல் அளவு) என்று வந்தால் வேலை பாதி முடிந்தது. ஒலிக்கு, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளைகளை இணைத்தால் போதும். ஏஆர்சி 1.4லேயே வந்த வசதி, 2012 ரிசீவர்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும்.

லேப்டாப் கதையும் இதேதான். அதிலுள்ள எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கேக்கு நொடிக்கு 30 பிரேம்தான் கிடைக்கும், மவுஸ் இழுபடத்தான் செய்யும். யுஎஸ்பி-சி வழியாகக் காட்சி அனுப்பும் வசதி லேப்டாப்பில் இருந்தால், எச்டிஎம்ஐ 2.0 ஆக மாற்றும் அடாப்டர் ஒன்று போடுங்கள். இல்லையா, 1080ல் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து கொஞ்சம் தடிக்கும், நகர்வு சரளமாக இருக்கும்.

சும்மாவந்தவன்:
மச்சானையே 8கே வாங்கச் சொல்லி அவர் வீட்டில் போய்ப் பாருங்கள் சார். செலவு மிச்சம்.

கணக்குப்பிள்ளை:
கம்பிவடம் சொன்னது சரி. ஆனால் சேனல் மங்கலுக்கு ரிசீவர் காரணமில்லை, அது வேறு கணக்கு.

சாதாரண சேனல் ஒன்றில் 720 × 576 பிக்சல், அதாவது சுமார் 4.15 லட்சம். ஃபுல் எச்டி திரையில் 20.7 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். பழைய டிவியில் ஐந்து பிக்சலில் நாலைத்தான் டிவி தானாக யோசித்து நிரப்பியது. புதிய டிவியில் இருபதுக்குப் பத்தொன்பதை நிரப்ப வேண்டியிருக்கிறது. அதோடு 43 இன்ச்சிலிருந்து 65க்குப் போகும்போது திரைப் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது. முன்பு கண்ணுக்குப் படாத அழுக்கெல்லாம் இப்போது பெரிதாகத் தெரிகிறது. இதே சேனலை 8கே திரையில் போட்டால் எண்பதுக்கு எழுபத்தொன்பது கற்பனை!

இதற்கு முழுத் தீர்வு கிடையாது, குறைக்கலாம். படத்தின் அமைப்பு ‘விவிட்’ என்று இருந்தால் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். ஷார்ப்னஸை நன்றாக இறக்குங்கள். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதென்றால் அது ஷார்ப்னஸ் செய்யும் வேலை. இரைச்சல் குறைப்பு அதிகமாக இருந்தாலும் நீங்கள் சொன்ன மெழுகு முகம் வரும், அதையும் ‘லோ’வில் வையுங்கள். ஒரே சேனலின் எச்டி வடிவம் இருந்தால் அதைத்தான் பாருங்கள்.

இனி 8கே. சராசரிக் கண் பார்வைக்கு ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் எல்லை என்று கொள்வார்கள். 65 இன்ச் திரையின் அகலம் 144 சென்டிமீட்டர். ஃபுல் எச்டி என்றால் ஒரு பிக்சல் 0.75 மில்லிமீட்டர். அது தனித்தனியாகத் தெரிய 2.6 மீட்டருக்குள் உட்கார வேண்டும். 4கே பிக்சல் தெரிய 1.3 மீட்டர், நாலடி சொச்சம். எட்டடி என்றால் 2.4 மீட்டர். ஆக, உங்கள் சோபாவிலிருந்து ஃபுல் எச்டிக்கும் 4கேக்குமே வித்தியாசம் மயிரிழைதான். 8கே லாபம் தருவது நாலடிக்கும் கிட்டே போனால்தான். எட்டடியிலேயே உட்கார்ந்து அதை அனுபவிக்க வேண்டுமென்றால் திரை 120 இன்ச்சுக்கு மேல் வேண்டும். சுவர் இருக்கிறதா பாருங்கள்.

சினிமாப்பித்து:
கணக்குப்பிள்ளையாரே, அந்த அறுபதில் ஒரு பங்கைக் கல்வெட்டு மாதிரி சொல்லாதீர்கள். நல்ல பார்வை உள்ளவர்கள் அதைவிட நுணுக்கமாகவே பார்ப்பார்கள். சாய்வான கோடுகளில் படிக்கட்டு தெரிவதை அதற்கும் தூரத்திலிருந்து கண் பிடித்துவிடும். ஆனால் உங்கள் முடிவோடு எனக்குச் சண்டையில்லை. வீட்டுச் சோபாவுக்கு 8கே தேவையில்லை.

மச்சானுக்கு நான் சொல்ல வருவது வேறு. 4கே பழசாகிவிட்டது என்பது திரையைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. முதல் 4கே டிவிகள் 2012ல் வந்தன, இன்று 55 இன்ச்சுக்கு மேல் 4கே இல்லாத டிவியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வந்ததல்ல அது. பேனல் தொழிற்சாலைகள் மாறின, கடையில் வேறு இல்லை, வாங்கினோம். முப்பரிமாண டிவிக்குக் கண்ணாடி மாட்ட வேண்டியிருந்தது, சோனியும் எல்ஜியும் 2017ல் கைகழுவிவிட்டன. 4கேக்கு நாம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, அதனால் நின்றுவிட்டது.

ஆனால் படம்? அது இன்னும் வந்து சேரவில்லை. கணினி வரைகலை நிறைந்த பெரிய படங்கள் பல, 2கேயில் (ஏறத்தாழ ஃபுல் எச்டி அளவு) முடிக்கப்பட்டு 4கேயாகப் பெரிதாக்கப்பட்டவை. நேரலையிலும் அப்படியே. 2020 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம்) ஆட்டத்தை அங்கே ஃபாக்ஸ் சேனல் 1080 எச்டிஆரில் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகக் காட்டும் முறை) எடுத்து 4கேயாகப் பெரிதாக்கித்தான் அனுப்பியது. பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறதென்றுதான் சொன்னார்கள்! பிக்சல் எண்ணிக்கையைவிட வெளிச்சமும் நிறமும் கண்ணில் படுகின்றன என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். எச்டிஆரில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி என்பது 1024 ஆகிறது, எட்டடி என்ன, பதினைந்தடியிலும் தெரியும். அதனால் 8கே ஆசையை விட்டுவிட்டு, உங்கள் டிவியின் வெளிச்சத் திறன் என்ன என்று பாருங்கள்.

இன்னொன்று, பிட்ரேட், அதாவது நொடிக்கு வரும் தரவின் அளவு. அல்ட்ரா எச்டி ப்ளூரே வட்டில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்க இணைய வேகம் 15 மெகாபிட் இருந்தால் போதும் என்கிறது. இரண்டும் ‘4கே’தான். என்னைக் கேட்டால் நல்ல ஃபுல் எச்டி வட்டு ஒன்று, இருட்டுக் காட்சிகளில், பல 4கே ஸ்ட்ரீம்களைத் தோற்கடித்துவிடும்.

மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. ஸ்ட்ரீமிங் பெட்டியை நேராக மாட்டினேன், ‘அல்ட்ரா எச்டி’ வந்துவிட்டது! ஆனால் எச்டிஆர் வரவில்லை. டிவி பெட்டியில் எச்டிஆர் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். சேனல்கள் ஷார்ப்னஸைக் குறைத்ததும் கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கின்றன.

மச்சானிடம் தூரக் கணக்கைச் சொன்னேன். ‘ஜப்பானில் 8கே சேனலே ஓடுகிறதே, அது எதற்கு?’ என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கம்பிவடம்:
எச்டிஆர் வராததற்கு டிவியில் உள்ள ஒரு சுவிட்ச் காரணமாக இருக்கும். பல டிவிகளில் எச்டிஎம்ஐ துளைகள், பழைய கருவிகளோடு ஒத்துப்போவதற்காகக் குறைந்த திறனில் வைக்கப்பட்டிருக்கும். முழுத் திறனை நாம்தான் திறந்துவிட வேண்டும். இதற்கு ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’. எந்தத் துளையில் பெட்டி மாட்டியிருக்கிறதோ அந்தத் துளைக்கு மட்டும் போட்டால் போதும். பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். திரை அவ்வப்போது கறுத்துப் போனால் கேபிளை மாற்றுங்கள், ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்று சான்று ஒட்டியது போதும். 8கே கேபிள் என்று கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள், உங்களுக்கு வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
ஜப்பான் விஷயம்: என்எச்கே 2018 டிசம்பர் 1 அன்று செயற்கைக்கோள் வழியாக 8கே சேனலைத் தொடங்கியது உண்மை. ஆனால் அது இதற்கான ஆராய்ச்சியை 90களிலேயே ஆரம்பித்துவிட்டது, 2012 லண்டன் ஒலிம்பிக்கை 8கேயில் எடுத்துப் பெரிய அரங்குகளில் காட்டியது. சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் பொது ஒளிபரப்பு நிறுவனம், தொழில்நுட்பத்தை முன்னே தள்ளுவது அதன் வேலை. ஒரு 8கே சேனலுக்குச் செயற்கைக்கோளில் ஒரு முழு டிரான்ஸ்பாண்டரே (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) தேவைப்படுகிறது. அந்த இடத்தில் எத்தனையோ எச்டி சேனல் ஓட்டலாம். விளம்பர வருமானத்தில் பிழைக்கும் நிறுவனம் எது இதைச் செய்யும்?

மின்சாரமும் இடிக்கிறது. பிக்சல் சிறிதாகச் சிறிதாக வெளிச்சம் வெளியே வரும் வழி குறுகுகிறது, பின்னொளியை ஏற்ற வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச் முதல் மின்செலவு வரம்பை 8கே டிவிகளுக்கும் நீட்டியது. அந்த வரம்புக்குள் அடங்க, வெளிச்சத்தை இறக்கி வைத்துத்தான் அங்கே விற்கிறார்கள். ஷார்ப் 2015லேயே 8கே டிவி விற்க ஆரம்பித்தது. அதே கால அளவில் 4கே வீடு வீடாகப் போய்விட்டது, 8கே இன்னும் கண்காட்சி மேடையில்தான் நிற்கிறது. மருத்துவம், பெரிய அரங்கம், படப்பிடிப்பு ஆகியவற்றில் அதற்கு இடமுண்டு. 8கேயில் எடுத்து 4கேக்கு வெட்டிக்கொள்வது ஒளிப்பதிவாளர்களுக்கு வசதி. வரவேற்பறைக்கு வருமா என்றால், சுவர் முழுக்கத் திரை என்கிற காலம் வந்தால் வரலாம். அதுவரை இல்லை என்பது என் கட்சி.

மாடிவீடு:
கம்பிவடம் அண்ணா, சுவிட்ச் அகப்பட்டது. எச்டிஆர் வந்துவிட்டது, நெருப்புக் காட்சி ஒன்றைப் பார்த்து வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். டிவியைத் திருப்பவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். ஏஆர்சியில் மாட்டிய பிறகு உதடு அசைந்து சற்று நேரம் கழித்துத்தான் குரல் வருகிறது. பகலில் எச்டிஆர் படம் இருட்டாகவும் இருக்கிறது.

கம்பிவடம்:
குரலுக்கு: டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை ‘பாஸ் த்ரூ’ என்று மாற்றிப் பாருங்கள். அதில் ஒலியே வரவில்லை என்றால் ரிசீவருக்கு அந்த வடிவம் புரியவில்லை, ஸ்ட்ரீமிங் பெட்டியில் ‘டால்பி டிஜிட்டல்’ என்று தேர்ந்தெடுங்கள். ரிசீவரில் ஒலித் தாமதம் ஏதாவது வைத்திருந்தால் பூஜ்யமாக்குங்கள்.

இருட்டுக்கு: மின்சேமிப்பையும் அறை வெளிச்ச சென்சாரையும் அணையுங்கள். எச்டிஆர் ஓடும்போதே பின்னொளியைப் பாருங்கள், அதற்குத் தனி எண் இருக்கும். அது உச்சத்தில் இருந்தும் இருட்டென்றால் ஜன்னல் திரையை இழுத்துவிடுவதுதான் வழி.